காங்கேயம் பக்கத்து லாயத்துல 78 நாள்: என் குதிரைக்குட்டிய சவாரிக்குப் பழக்கின அனுபவம்

இந்த லாயத்துக்கு என் மார்க்கு அஞ்சு ஸ்டாருக்கு நாலரை. அந்த அரை எங்க கொறைஞ்சதுன்னு கடைசில சொல்றேன். இன்னும் கொஞ்ச நாள்ல அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா வருது, குதிரைச் சந்தை கூடும், போன வருசம் நாங்க ஆசைல ஒரு குட்டி பிடிச்சுட்டு வந்த மாதிரி இந்த வருசமும் நெறய பேரு பிடிச்சுட்டு வருவாங்க, வாங்கறதுக்கு முன்னாடியே இதைப் படிச்சா ஒதவும்னு தான் இப்பவே உக்காந்து டைப் பண்றேன்.

இடம் காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற வழில, மெயின் ரோட்ட விட்டு உள்ள கொறங்காட்டுக்கு (மேய்ச்சலுக்குன்னே விட்ட காடு) நடுவுல ஒரு சின்ன லாயம். சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நெழலுக்கு வெள்வேல மரம். ஒரே நேரத்துல ஆறு குதிரைக்கு மேல எடுக்க மாட்டாங்க. நடத்தறவரு அம்பது வயசு தாண்டின ஒரு அண்ணன், அவரு சம்சாரம் தீவனம் பாத்துக்கறாங்க, குதிரை மேல ஏறறதுக்கு அவரு அக்கா பையன். போர்டு கெடையாது, பேரும் வெக்கல, நெட்ல போட வேண்டாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு, சந்தைல குதிரைக்காரங்க யார்ட்ட விசாரிச்சாலும் வழி சொல்லிடுவாங்க.

என் குதிரை பேரு மருதாணி. செவலை, மார்வாரி இனம், காது ரெண்டும் நுனில உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு தொடப் பாக்கும். எங்க தாத்தா ஈரோட்ல ஜட்கா வண்டி ஓட்டினவரு, அவரு சொல்லிக் குடுத்த சுழிக் கணக்கு அப்பாவுக்கு இன்னும் மனப்பாடம், அதனால சந்தைல நெத்திச் சுழி கழுத்துச் சுழி எல்லாம் ஒரு மணி நேரம் பாத்தோம். வித்தவரு நாலு வயசு ஆச்சுங்க இன்னைக்கே ஏறலாம்னாரு. சுழி பாத்த நாங்க வாயைத் திறந்து பல்லைப் பாக்கல, அங்க ஆரம்பிச்சது எல்லாம்.

தை மாசம் வேற ஒரு பயிற்சியாளர்ட்ட விட்டேன், யாருன்னு சொல்ல விரும்பல. 12 நாள்ல ரெடி பண்ணித் தர்றேன்னாரு, பண்ணியும் குடுத்தாரு. எப்படின்னா தலையை ரெண்டு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, முதுகுல மணல் மூட்டை போட்டு, உழுத காட்டுக்குள்ள எறக்கி அது சோர்ந்து நிக்கற வரைக்கும் ஓட விட்டு அதுக்கப்புறம் ஆள் ஏறி உக்காந்துட்டாங்க. நான் கூட நின்னு பாத்தேன், அன்னைக்கு எனக்கு அது தப்புன்னு தெரியல, எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்கன்னு நெனச்சுட்டேன். வீட்டுக்கு வந்த மூணாவது நாள் என் தங்கச்சி ஏறக் கால் தூக்குனா, மருதாணி முன்னங்கால் ரெண்டையும் தூக்கி நின்னுடுச்சு. அதுக்கப்புறம் ஜீனிய, அதாவது முதுகுல போடற சேடில, கைல எடுத்தாலே மூலைக்குப் போயி பின்னங்கால நம்ம பக்கம் திருப்பி நிக்கும். வாயோரத்துல புண்ணு. மூணு மாசம் யாரும் கிட்டப் போகல, கொள்ளும் தவிடும் வெச்சுட்டு வந்துருவோம், அப்பா தூரத்துல இருந்து பாத்துட்டே நிப்பாரு.

சித்திரை கடைசில இங்க கூட்டிட்டுப் போனேன். அண்ணன் வண்டில இருந்து எறங்கினதும் குதிரைய நடக்க விட்டுப் பாத்தாரு, அப்புறம் ஒதட்ட மெதுவா விலக்கிப் பல்லைப் பாத்தாரு. குதிரைக்கு முன்னாடி நடுப்பல்லு ரெண்டரை வயசு வாக்குல விழுந்து நெலப்பல்லு மொளைக்கும், அதுக்கு ரெண்டு பக்கத்துலயும் இருக்கறது மூணரைல, ஓரப்பல்லு நாலரைல. மருதாணிக்கு அந்த ரெண்டாவது ஜோடி அப்பத்தான் ஈறைக் கிழிச்சு வெளிய வந்துட்டு இருந்துச்சு. "தம்பி, இதுக்கு இப்பத்தான் மூணரை. நீங்க வாங்குனப்ப மூணு கூட முடியல"ன்னாரு. அதாவது மணல் மூட்டை போட்டப்ப அதுக்கு மூணேகால் வயசு தான். எனக்கு அங்கயே தொண்டை அடைச்சுப் போச்சு.

அன்னைக்கு அவரு சொன்ன விசயம் எல்லாருக்கும் தெரியணும். குதிரை பாக்க வளர்ந்த மாதிரி நிக்கும், உள்ள எலும்பு வளர்ந்து முடிஞ்சிருக்காது. முழங்காலுக்கு மேல இருக்கற எலும்போட வளர்ச்சித் தட்டு ரெண்டு ரெண்டரை வயசுல மூடிடும், முதுகெலும்பு தான் எல்லாத்துக்கும் கடைசி, அஞ்சு வயசு தாண்டியும் ஆகும். நாம உக்கார்றது அந்த முதுகு மேல. ரேஸ் குதிரைய ரெண்டு வயசுலயே ஓட விடறாங்களேன்னு கேட்டேன். அது ரேஸுக்காக, ஜாக்கி எடையும் கம்மி, உங்களுக்கு இது இருபது வருசம் வேணுமா ரெண்டு வருசம் வேணுமான்னு திருப்பிக் கேட்டாரு.

நாலாவது நாள் கால்நடை டாக்டர வரச் சொல்லி வாயை முழுசா பாக்க வெச்சாங்க. மேல்தாடைல கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு உபரிப் பல்லு, கடிவாளம் வந்து விழற எடத்துல. ஒவ்வொரு தடவ லகான இழுக்கறப்பவும் அதுல இடிச்சிருக்கு. மயக்க ஊசி போட்டு ரெண்டையும் எடுத்தாரு, புண்ணு ஆற ரெண்டு வாரம் வாய்ல எதுவும் போடக் கூடாதுன்னுட்டாரு. தலையை ஒதறுது ஒதறுது திமிருன்னு நாங்க ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தோம்.

பழைய ஆளு குடுத்த கடிவாளத்தையும் கொண்டு போயிருந்தேன். அண்ணன் அதை வாங்கி உள்பக்கம் விரல் வெச்சுத் தடவிப் பாக்கச் சொன்னாரு, வரிசையா முள்ளு. கல்யாண ஊர்வலக் குதிரைக்கெல்லாம் இதைப் போடறதை நான் பாத்திருக்கேன், சட்டப்படி தப்புன்னு அன்னைக்குத்தான் தெரியும். 1965ல வந்த வண்டி இழுக்கற, பொதி சுமக்கற மிருகங்களுக்கான வதைத்தடுப்பு விதிகள்ல 8வது விதி முள்ளு வெச்ச கடிவாளத்தைத் தடை பண்ணுது. அறுபது வருசமா இருக்கற தடை, இன்னமும் சந்தைல கடை விரிச்சு விக்கறாங்க. தயவு பண்ணி வாங்காதீங்க, உங்க குதிரைக்குப் போட்டிருந்தா இன்னைக்கே கழட்டிருங்க.

அப்புறம் மொத முப்பது நாள். எனக்குக் கோவம் வந்த நாளெல்லாம் இதுக்குள்ள தான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போவேன், போறப்பெல்லாம் யாரும் மேல ஏறியிருக்க மாட்டாங்க. ஒரு வாரம் போனா கயித்தப் பிடிச்சுட்டு நடத்திட்டு இருக்காங்க. அடுத்த வாரம் போனா பின்னாடி ரெண்டடி எடுக்க வெக்கறாங்க. அதுக்கு அடுத்த வாரம் யூரியா சாக்க வெச்சு ஒடம்பெல்லாம் தடவிட்டு இருக்காங்க. மாசம் இவ்ளோ பணம் குடுக்கறேன் இதுக்கான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அப்பா கூட இருந்ததால அடக்கிக்கிட்டேன்.

நாலாவது ஞாயிறு உக்காந்து முழுசா ஒரு செஷன் பாத்தப்புறம் தான் வெளங்குச்சு. சாக்கக் கழுத்துகிட்ட கொண்டு போறாரு, மருதாணி தலையைத் தூக்குது, காது விரைக்குது, சாக்க அங்கயே வெச்சுட்டு நிக்கறாரு, கிட்டயும் கொண்டு போகல தூரமும் எடுக்கல. அரை நிமிசம் கழிச்சு அது மூச்ச விட்டு ஒரு காத மட்டும் அவரு பக்கம் திருப்புச்சு, அந்த நொடியே சாக்க எடுத்துட்டுத் தள்ளிப் போயிட்டாரு. திரும்ப வந்தாரு. நாலு தடவைல அதுவே தலையைத் தாழ்த்திடுச்சு. அது மெரண்டு விலகறப்ப நாம கைய எடுத்தா மெரண்டா விட்டுருவாங்கன்னு படிக்கும், அது நிதானமா நிக்கறப்ப கைய எடுத்தா நிதானமா நின்னா விட்டுருவாங்கன்னு படிக்கும், குதிரை எந்த நொடி நாம விட்டோமோ அந்த நொடியத்தான் ஞாபகம் வெச்சுக்கும்னாரு. எழுபத்தெட்டு நாளும் நடந்தது இந்த ஒரே பாடம் தான், சாக்குக்குப் பதிலா ஜீனி வந்துச்சு, ஜீனிக்குப் பதிலா மனுசன் வந்தான்.

எடது பக்கம் பண்ணதெல்லாம் வலது பக்கமும் முதல்ல இருந்து பண்ணாங்க. குதிரைக்குக் கண்ணு ரெண்டு பக்கவாட்டுல இருக்கறதால சுத்தி கிட்டத்தட்ட முழு வட்டமும் தெரியும், மூக்குக்கு நேர் முன்னாடி கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னாடியும் தான் தெரியாது. நம்ம ஆளுங்க எப்பவும் எடது பக்கமே ஏறி எறங்கறதால வலது பக்கம் போனா பாதிக் குதிரைங்க அந்நியன் வந்த மாதிரி மெரளும்.

ஜீனி போட்டதை வேகமா சொல்லிடறேன். மொதல்ல நெஞ்சைச் சுத்தி ஒரு அகலப் பட்டி மட்டும், அப்புறம் துணி, அப்புறம் அங்கவடி (கால் வெக்கற வளையம்) இல்லாத வெறும் சேடில், அப்புறம் அங்கவடி தொங்கி வயித்துல தட்டற மாதிரி. வயித்துப் பட்டிய ஒரே மூச்சுல இழுத்துக் கட்டவே மாட்டாங்க, ஒரு ஓட்டை, பத்தடி நடை, இன்னொரு ஓட்டை, பத்தடி நடை. கயித்துல கட்டி வட்டம் சுத்த விடறது பதினஞ்சு நிமிசத்துக்கு மேல கெடையாது, சின்ன வட்டத்துல சுத்திச் சுத்தி வந்தா எளங்கால் மூட்டுக்குக் கேடுன்னு கண்டிப்பா இருந்தாங்க. கடிவாளம் இருபது நாள் தாண்டித்தான், நடுவுல மூட்டு வெச்ச சாதா ஸ்னாஃபிள், அதுவும் மொத நாலு நாள் வெல்லம் தடவி வாய்ல சும்மா வெச்சுட்டு எடுத்தது தான், லகானே மாட்டல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நீளக் கயிறு போட்டு பின்னாடி நடந்து ஓட்டறது. ரெண்டு கயித்தையும் கடிவாளத்துல மாட்டி, பட்டில இருக்கற வளையத்துல கோத்து, ஏர் ஓட்டற மாதிரி பின்னாடி நடந்துட்டே திருப்பறது நிறுத்தறது எல்லாம் சொல்லிக் குடுக்கறாங்க, மேல ஆளே இல்லாம. பத்து நாள் கொறங்காட்டுக்குள்ள, அப்புறம் ஊருக்குள்ள. பால் சொசைட்டி கேனு சத்தம், டவுன் பஸ்ஸு ஆரன், ஒரு நாள் கோயில்ல பறை அடிச்சுட்டு இருந்தாங்க அந்தப் பக்கமே கூட்டிட்டுப் போனாரு. ஆனி மாசம் அந்தப் பக்கம் காத்துன்னா காத்து, காத்தாடி மின்சாரக் கம்பமெல்லாம் சும்மாவா அங்க நட்டிருக்காங்க, வேலில மாட்டின பாலித்தீன் பையெல்லாம் படபடன்னு அடிக்கும். தனியா முன்னாடி நடந்து இத்தனையும் பாத்த குதிரைக்கு, மேல ஆளு உக்காந்தப்புறம் புதுசா பயப்பட எதுவும் பாக்கி இல்ல.

ஆள் ஏத்தறதுக்கு அவங்க கட்டி வெச்சிருக்கறது சிமெண்ட் திண்ணை மாதிரி மூணு படி. நாப்பதாவது நாள்ல இருந்து தெனமும் மருதாணிய அதுகிட்ட கொண்டு வந்து நிறுத்தறது, பையன் மேல்படில சும்மா நிக்கறது, தட்டிக் குடுத்துட்டு எறங்கிப் போயிடறது. ஏன் இதுக்கே இத்தனை நாள்னா, நாம தரைல நிக்கறப்ப அதோட முதுகு ஒயரத்துக்குக் கீழ தான் பாதி ஒடம்பு இருக்கு, படில நின்னா திடீர்னு தலைக்கு மேல ஒரு உருவம். புலி சிறுத்தை எல்லாம் முதுகு மேல தான் பாயும், அந்தப் பயம் அது ரத்தத்துல இருக்கு. அப்புறம் சேடில கையால தட்டறது, அதுக்கப்புறம் கைய ஊன்றது, அதுக்கப்புறம் வயித்த குறுக்கால போட்டு மூட்டை மாதிரி படுக்கறது. அப்படிப் படுத்துட்டே வலது பக்கம் கைய நீட்டித் தட்டிக் குடுப்பான். நாலு நாள் இது மட்டும். அப்படிப் படுத்த வாக்குல நாலடி நடத்தி நிறுத்துவாங்க.

நாப்பத்தொம்பதாவது நாள் எனக்கு போன் பண்ணி வரச் சொன்னாரு. காலைல ஆறு மணி, நான், அப்பா, தங்கச்சி மூணு பேரும் வேலிகிட்ட நின்னோம். பையன் குறுக்கப் படுத்தான், வலது கால மெதுவா பின்னாடி வழியா எடுத்து அந்தப் பக்கம் போட்டான், ஒடம்ப மட்டும் நிமித்தல, பிடரி மேலயே கவுந்து கெடந்தான். மருதாணி ஒரு காத பின்னாடி திருப்புச்சு. அவன் கொஞ்சம் கொஞ்சமா நிமிந்தான். அண்ணன் தலைக்கயித்தப் பிடிச்சுட்டு நின்னாரு, பிடிச்சாருன்னு சொல்றதே தப்பு, கயிறு தொளதொளன்னு தொங்குச்சு. ஒரு நிமிசம் கூட இருக்காது, அது தலையைத் தாழ்த்தி வாயை மென்னுச்சு, ஒடனே எறங்கச் சொல்லிட்டாரு. ஜீனிய கழட்டிட்டாரு. அவ்ளோ தான் அன்னைக்கு. எங்கப்பா ஒண்ணும் பேசல, வேட்டி நுனிய எடுத்துக் கண்ணத் தொடச்சாரு. தை மாசம் மூணு ஆளு சேந்து பிடிச்ச குதிரை அது.

அதுக்கப்புறம் நடை, பத்து நாள் கழிச்சு டிராட் (மெல்லோட்டம்), தெனம் இருபது நிமிசத்துக்கு மேல கெடையாது, வாரத்துல ஒரு நாள் முழுசா லீவு.

கடைசி ஆறு நாள் ஓனர் வந்து தங்கிக் கத்துக்கணும், இல்லன்னா குதிரைய அனுப்ப மாட்டாங்க. நானும் தங்கச்சியும் லீவு போட்டுட்டுப் போனோம். மொத நாளே டேப் எடுத்து அளந்தாரு. நெஞ்சுச் சுத்தளவ சென்டிமீட்டர்ல எடுத்து அதை அதாலயே பெருக்கி, ஒடம்பு நீளத்தாலயும் பெருக்கி 11,880ஆல வகுத்தா எடை கிலோல வந்துரும். சுத்தளவு 168, நீளம் 150, கணக்குப் போட்டா 356 கிலோ. வளர்ந்த குதிரைக்கே அதோட எடைல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல ஏத்தக் கூடாதுங்கறது பொதுவா எல்லாரும் சொல்ற கணக்கு, அது 71 கிலோ, இது வளர்ற குட்டி, அதனால இப்போதைக்கு ஜீனியோட சேத்து 65 தாண்டக் கூடாதுன்னாரு. என் எடை 81, ஜீனி 8. நான் ஏற முடியாது. ஆசையா வாங்கினது நான், பணம் கட்டினது நான், மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா நேரா மொகத்தப் பாத்து இதைச் சொன்னதுக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கேன். வேற யாராவதா இருந்தா ஏறுங்க சார்னு ஃபோட்டோ எடுத்துக் குடுத்திருப்பாங்க. தங்கச்சி 54 கிலோ, அவ தான் ஏறறா. நான் தரைல நின்னு கயித்து வேலை கத்துக்கிட்டேன்.

அந்த ஆறு நாள்ல என் கையத்தான் அதிகம் திருத்தினாரு. நான் நில்லுன்னு கயித்த இழுப்பேன், அது நின்னப்புறமும் இழுத்த கைய விடாம வெச்சிருப்பேன். "தம்பி, அது நின்னுருச்சு, இன்னும் என்ன கேக்கறீங்க?"ன்னு சொல்லிட்டே இருப்பாரு, ஒரு நாளைக்கு அம்பது தடவ. மூணாவது நாள் தான் கை தானா எளகுச்சு, எளகுன அன்னைக்கு மருதாணி என் பின்னாடி கயிறு இழுபடாமயே நடந்து வந்துச்சு.

இப்ப அந்த அரை ஸ்டார். போன் எடுக்க மாட்டாங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பேசினாலே பெருசு, வீடியோ அனுப்பச் சொன்னா நேர்ல வாங்கன்னு சொல்லுவாரு, வெளியூர்ல வேலை பாக்கறவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். ஓனர் தங்க ரூம் கெடையாது, நாங்க காங்கேயத்துல லாட்ஜ் எடுத்து காலைல அஞ்சரைக்கெல்லாம் கெளம்பிப் போனோம், பொம்பளைங்க வந்தா பாத்ரூம் வசதியும் பத்தாது, இதை அவர்கிட்டயே சொன்னேன், கட்டறேன்னாரு. பச்சைத் தீவனம் கொழுக்கட்டைப் புல்லும் கோ-4 தீவனப் புல்லும் தான் அதிகம், இந்தப் புல்லுல எல்லாம் ஆக்சலேட் இருக்கறதால மாசக்கணக்குல அதையே தின்னா குதிரைக்குக் கால்சியம் ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரு, கால்சியம் பவுடரும் வேற காய்ஞ்ச புல்லும் நாங்களா வாங்கிக் குடுத்தோம். அப்புறம் கேண்டர் (டிராட்ட விட வேகமான ஓட்டம்) இந்த 78 நாள்ல கெடையாது, அதை எதிர்பார்த்துப் போகாதீங்க.

காசு: பழக்கறதுக்கு மாசம் 16,000, தீவனத்துக்கு 6,000, டாக்டர் செலவு லாடம் செலவு தனி. மொத்தத்துல எனக்கு 60,000 கிட்ட ஆச்சு. 12 நாள்ல 15,000க்கு முடிச்சுத் தர்ற ஆளும் இருக்காங்க, அந்த 15,000த்தோட பலன நான் மேல எழுதிட்டேன். முப்பது நாள் யாரும் ஏறாம இருந்ததுக்குத் தான் நான் காசு குடுத்தேன்னு இப்ப சொல்லுவேன், அந்த முப்பது நாள் இல்லன்னா நாப்பத்தொம்பதாவது நாள் அப்படி நடந்திருக்காது.

போறவங்க குதிரைக்கு டெட்டனஸ் ஊசி போட்ட சீட்டு கொண்டு போங்க, அது இல்லாம வண்டிய உள்ளயே விட மாட்டாங்க. மூணு வயசு முடியாத குட்டிய எடுக்க மாட்டாங்க, கொண்டு போயி கெஞ்சாதீங்க. உங்க சொந்த ஜீனியவே கொண்டு போங்க, முதுகுக்கு ஒத்து வருதான்னு அவங்க பாத்துச் சொல்லுவாங்க, எங்களோடது தோள்பட்டைய அழுத்துதுன்னு மாத்தச் சொல்லிட்டாங்க.

மருதாணி வீட்டுக்கு வந்து பதினேழு நாள் ஆச்சு. அப்பா கொத்தனார வெச்சு அதே மாதிரி மூணு படி கட்டிட்டாரு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலைல இருபது நிமிசம் தங்கச்சி ஏறறா, நான் முன்னாடி நடக்கறேன், வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வந்துருவோம். ஓரப்பல்லு மொளைச்சதும் ரெண்டாவது கட்டத்துக்கு, கேண்டர் பழக்க, திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு, அடுத்த வருசம் சித்திரைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.